அடுப்பு எரிகிற வீடு

“அடுப்ப மட்டும் அணைய வுட்டுடாத, சுபா.”

“நீயே இல்லாத வூட்ல யாருக்கு மாமா ஆக்கறது?”

“அம்மாவுக்கு ஆக்கு. ஒனக்கு ஆக்கு. யாருமே இல்லன்னா பூனைக்கு ஆக்கு. ஊரு கண்ணுக்கு அடுப்பு எரியணும், அவ்ளோதான்.”

“எங்கம்மா வூட்டுக்குப் போணும்னா?”

“நாலு நாளு போ, பத்து நாளு போ. சீட்டு குலுக்கறதுக்கு முன்னாடி வந்துடு. ரெண்டு வருஷம்தான். அப்பறம் நம்ம போட்டு, நம்ம வலை.”

“போட்டு யாரு கேட்டா?”

“வேற இன்னா வேணும், சொல்லேன்.”

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்று பேசியது. சென்னைக்குப் போகும் மின்சார ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. சுபஸ்ரீ பதில் சொல்வதற்குள் இளவழகன் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஏறிவிட்டான்.

எட்டு வருஷமாக அந்தப் பேச்சை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும் என்று அவன் கேட்டபோது சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவனோடு போக வேண்டும். அவன் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் அவனுக்குச் சோறு ஆக்கிப் போட வேண்டும். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இளவழகன் போனது அயர்லாந்துக்கு. அங்கே ஒரு துறைமுக ஊரில் விசைப்படகு வேலை. நம் சிங்கி இறாலைப் போல நீளமான கொடுக்கு வைத்த இறால்களை ஆழ்கடலில் வாரிக்கொண்டு வருவார்கள். குளிர் மாதங்களில் பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் சுருங்க ஆரம்பித்துவிடும் என்று முதல் முறை போனில் சொன்னபோது, அவன் விளையாடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் போனாலும் மேட்டுக்குப்பத்தில் அவன் பெயர் இருந்தது. கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரியும் கடலும் நெருங்கிவரும் இடத்தில் இருக்கும் சின்ன குப்பம் அது. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் சீட்டில் பெயர். இத்தனை பெயர்தான் என்று கணக்கு உண்டு. ஒரு பெயர் போனால்தான் இன்னொரு பெயர் வரும். பெயர் உள்ளவன் வெளியூருக்குப் பிழைக்கப் போகலாம், அவன் முறை வரும்போது அண்ணனோ தம்பியோ வலை கட்டலாம். ஆனால் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பாடு கிடையாது.

அதற்காகவே, சீட்டுக் குலுக்கும் காலையில் ஊர்த்தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் ஊரில் இல்லையென்றால் அவன் பெண்டாட்டி வந்து நிற்க வேண்டும். “அடுப்பு எரியுதாம்மா?” என்று கேட்பார். “எரியுதுங்க” என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். மாமியார் சொன்னால் செல்லாது, கொழுந்தன் சொன்னால் செல்லாது. ஊர்க்கூட்டத்தில் பெண்ணின் வாய்க்கு மதிப்பு இருப்பது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அவரவர் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகும் கேள்வி மாறவில்லை.

சுபஸ்ரீ ஒரு வருஷமும் தவறவில்லை.

மூன்றாம் வருஷம் இளவழகன் ஒரு மாத விடுப்பில் வந்து போனான். அவன் போன பிறகுதான் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. ஐந்தாம் மாதத்தில் அது கலைந்தது. உடம்பு தேற ஆரம்பாக்கத்தில் அம்மா வீட்டில் கிடந்தாள். ஒரு வாரம் ஆகவில்லை, கொழுந்தன் விமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். “அண்ணி, நாளைக்கு சீட்டு. நீ வந்து சொல்லாட்டி அண்ணன் பேரு பூடும்” என்றான். அம்மா அவனைக் கண்டபடி ஏசினாள். சுபஸ்ரீ எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் கோயில் வாசலில் நின்று “எரியுதுங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரோரமாகச் சுருண்டு படுத்தாள். இளவழகன் அப்போது கடலில் இருந்தான். சீட்டில் நல்ல இடம் விழுந்ததா என்று அவன் கேட்டதும், விழுந்தது என்று அவள் சொன்னதும் நாலு நாள் கழித்து.

தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி அவள் கேட்காமல் இருந்ததற்குக் காரணங்கள் இருந்தன. முதலில் ஒரே அறையில் அவனோடு எகிப்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். அங்கே பொம்பளை எப்படிப் போவாள்? அப்புறம் மாமியார் காந்தாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவளுக்கு வாயைத் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி நாலு வருஷம் ஓடியது. போன தை மாதம் மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். இனிமேல் அவனே கூப்பிடுவான் என்று சுபஸ்ரீ நினைத்தாள். கூப்பிட்டுப் போவது வேறு, கேட்டுப் போவது வேறு. அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது ஒரு படம். பெரிய மண்டபத்தில் இளவழகன் கோட்டும் டையுமாக நின்று வலது கையைத் தூக்கியிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. “இன்னிக்கிலேர்ந்து நான் இந்த நாட்டு ஆளு” என்று கீழே எழுதியிருந்தான்.

விமலின் பெண்டாட்டி மாலா அதை வாங்கிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் “சுபஸ்ரீ, ஒன் வூட்டுக்காரரு வெள்ளக்காரரு ஆயிட்டாராமே, இனிமே மடவை மீனு துன்னுவாரா, ரொட்டிதானா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தமிழ்வாணன் சிரிக்கவில்லை. அவர் மகன் கல்யாணம் முடித்து, சீட்டில் ஒரு பெயர் காலியாவதற்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தான். வேறு நாட்டுக்காரனுக்குப் பாடு எப்படி என்று அவர் ராஜவேலு தலைவரிடம் கேட்டுவிட்டார். இந்த வருஷம் ஆளே நேரில் வந்து பதில் சொல்லட்டும் என்று தலைவர் சொன்னார்.

பெற்ற அம்மாவின் சாவுக்கு வர முடியாத இளவழகன், பாடு என்றதும் விமானம் ஏறி வந்தான்.

வந்தவனைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை, காதோரம் முழுக்க நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கம்பிக் கயிற்றில் மாட்டியது என்றான்.

“எப்போ?”

“அது ஆச்சு ஒரு வருஷம்.”

“எங்கிட்ட சொல்லல.”

“சொன்னா இன்னா பண்ணுவ? இங்கருந்து ஊதுவியா?” என்று சிரித்தான்.

விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கான வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். அதைக் கதையாகச் சொன்னான். “நானும் தமிழ்லதான் பேசறேன், அந்த ஆபீசரும் தமிழ்தான். ஆனா எங்கிட்ட இங்கிலீஷ்லயே பேசறான். எவ்ளோ நாளு தங்குவீங்கன்னு கேக்கறான். இன்னா சொல்றது?”

“இன்னா சொன்ன?”

“மூணு வாரம்னேன்.”

பகல் சாப்பாட்டுக்கு விமலும் மாலாவும் வந்தார்கள். சுபஸ்ரீ நண்டுக் குழம்பும் இறால் வறுவலும் செய்திருந்தாள். மடங்காத விரல்களை ஒதுக்கிவைத்து மற்ற விரல்களால் அவன் சோற்றை அள்ளுவதை அவள் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். நண்டை அவனால் உடைக்க முடியவில்லை. அவள் உடைத்து அவன் தட்டில் வைத்தாள்.

“நாளைக்கு தமிழ்வாணன் பெருசு வாய உட்டு ஆட்டும், நீ டென்ஷன் ஆவாத, ண்ணா” என்றான் விமல். “ஊருக் கட்டுப்பாட்டுல நாடு கீடுன்னு ஒண்ணும் கெடையாது. அடுப்பு எரியுதா, அவ்ளோதான். அண்ணி எரியுதுன்னு சொல்லப் போவுது. மேட்டர் முடிஞ்சிது.”

“எட்டு வருஷமா அக்காதான சொல்லுது” என்றாள் மாலா. “பெரிய மாமா, ஒங்களுக்கு அந்த ஊர்ல பேரு, இந்த ஊர்லயும் பேரு. எங்களுக்கு ஒரு எடத்துலயே ஒழுங்கா இல்ல.”

விமல் அவளை முறைத்தான். அண்ணன் முறையிலும் சேர்த்து வலை கட்டுகிறவன் அவன். அந்தப் பெயர் போனால் அவன் வீட்டுக்கும்தான் நஷ்டம். எல்லோருக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது மட்டும் சுபஸ்ரீயின் வேலை.

அவர்கள் போன பிறகு இளவழகன் பாயில் சாய்ந்துகொண்டு போனில் படங்களைக் காட்டினான். படகு, பனி, துறைமுகம், தலையில் கம்பளிக் குல்லாய் போட்ட நண்பர்கள். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றாள். ஒரு சமையலறை. சன்னலுக்கு வெளியே ஈரமான மலை. சன்னல் கட்டையில் ஒரு டப்பாவில் கொத்தமல்லி முளைத்திருந்தது. சிங்க்கில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர்.

“இது யாரு வூடு?”

“நான் இருக்கறதுதான்.”

“எட்டுப் பேரு?”

“அது அந்தக் காலம். இது மாடி வூடு, ரெண்டு ரூமு. நான் மட்டும்தான்.”

“எப்பலேர்ந்து?”

அவன் யோசித்தான். யோசித்தது கணக்குப் போடுவதற்கு அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

“ரெண்டு வருஷம் ஆவப் போவுது” என்றான்.

சுபஸ்ரீ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு கறுப்புக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதன் மேல் ஒரு சின்னச் சட்டி. அந்தச் சட்டியில் அவன் எதைச் சமைப்பான், யாரோடு பேசிக்கொண்டு தின்பான்? அத்தை போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த வீட்டிலும் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான். கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தனியாகத் தின்கிறாள், அந்தப் பக்கம் ஒருவன் தனியாகத் தின்கிறான். இரண்டு வருஷமாக அந்த இன்னொரு அறை சும்மா கிடக்கிறது.

“அந்த ஊர்ல பொண்டாட்டிய கூப்புட்டுக்க வுட மாட்டாங்களா?” என்றாள். கேள்வி யாரோ அயல்வீட்டுக்காரியைப் பற்றியது போல வந்தது.

“வுடுவாங்க. இப்ப நான் அந்த நாட்டு ஆளு. எழுதிப் போட்டா வுடுவாங்க.” அவன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். “நீ அங்க வந்து இன்னா பண்ணுவ சுபா? மழ, இருட்டு. நான் கடலுக்குப் போனா ஒரு வாரம் ஆவும் திரும்பறதுக்கு. பேச ஆளு கெடையாது. ஒனக்கு ஏரிதான். இங்க ராணி மாரி கீற.”

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

“இன்னொண்ணு சொல்றேன் கேளு” என்றான். குரல் இறங்கியிருந்தது. “அங்க நான் ஒரு கை. வெரலு போனதும் பாதி கை. நாளைக்கு முழுசா தளந்துட்டா அந்த ஓனரு என் பேரகூட மறந்துடுவான். கோட்டு போட்டு கைய தூக்கி சத்தியம் பண்ணேனே, அன்னிக்கு சாயங்காலம் ரூமுக்கு வந்து அழுதேன். நைனா பேருக்கு அப்பறம் என் பேரு கீற ஒரே எடம் இந்த சீட்டுதான். அதுவும் பூடுச்சின்னா நான் எந்த ஊரு ஆளு?”

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் சொன்னது பொய் இல்லை. எட்டு வருஷம் தனியாக இருந்தவனின் பயம் அது. அவனை மடியில் சாய்த்துக்கொள்ளத் தோன்றியது. அவன் தன் பெயரைப் பற்றிச் சொன்னான், தன் கையைப் பற்றிச் சொன்னான். அவள் எந்த ஊர் ஆள் என்று அவன் கேட்கவில்லை. மீஞ்சூர் ரயிலில் ஏறிய அன்றைக்குப் பிறகு உனக்கு என்ன வேண்டும் என்றும் அவன் கேட்டதில்லை.

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மறுநாள் காலை கோயில் வாசலில் பாய் விரித்து ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அதற்குள்ளேயே சுட்டது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக நாறிக்கொண்டிருந்தது. ஊரில் இல்லாதவர்களின் பெண்டாட்டிகள் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். சுபஸ்ரீயும் அவர்களோடு நின்றாள். புருஷன் ஊரில் இருக்கும்போது அவள் வரத் தேவையில்லை. ஆனால் தலைவர் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

பெயர்கள் வரிசையாகப் போயின. இளவழகன் பெயர் வந்ததும் தமிழ்வாணன் எழுந்தார்.

“தலைவரே, பாஸ்போர்ட்ட காட்டச் சொல்லுங்க. அதுல எந்த நாடுன்னு போட்டுகீது?”

“காட்டுனா மட்டும் நீ படிச்சிடப் போறியா?” என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் சிரித்தது.

“படிக்கத் தெரியாதுய்யா. கலரு தெரியுமில்ல? நம்மது நீலம். அவுரது செவப்பு.”

ராஜவேலு கையைக் காட்டி அடக்கினார். “கலருக்கெல்லாம் நம்ம கட்டுப்பாட்டுல எடம் இல்ல. அடுப்பு எரியற வூட்டுக்குப் பேரு. வெளிநாடு போனவன் பேரு போச்சின்னு நம்ம பெரியவங்க எங்கயும் சொல்லல.”

“சரி தலைவரே. இன்னிக்கு எரியுது, ஒத்துக்கறேன்.” தமிழ்வாணன் உட்காரவில்லை. “ஆனா அந்த ஊரு ஆளாவே ஆயிட்டவரு, பொஞ்சாதிய இங்கயே வுட்டு வெப்பாரா? அடுத்த மாசமே இட்னு பூட்டாருன்னா? வூடு பூட்டிக் கெடக்கும், பேரு மட்டும் ஒரு வருஷம் ஓடும். எம்புள்ள வாயப் பாத்துக்கினு நிக்கணும். இட்னு போவாரா மாட்டாரான்னு ஊரு முன்னால சொல்லட்டும். அத்தக் கேட்டுட்டு நான் குந்திக்கறேன்.”

கேட்டது நியாயம்தான் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

ராஜவேலு திரும்பினார். “இளவழகா, பதில் சொல்லுப்பா.”

இளவழகன் எழுந்து நின்றான். புது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டான். மரத்தடிப் பக்கம் அவன் பார்க்கவில்லை.

“அவ எங்கயும் வர மாட்டா தலைவரே. இங்கதான் இருப்பா. நான்தான் வந்து வந்து போவேன். இது சாமி முன்னால சொல்றது.”

ஒரு நாட்டுக்காகக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவன் இப்போது இன்னொன்றும் செய்துவிட்டான். தமிழ்வாணன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விமல் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற, புருஷன் துபாயில் இருக்கிற அம்மணி, சுபஸ்ரீயின் கையைத் தொட்டு, “போ, போய் சொல்லிட்டு வா. வூட்ல வேல கெடக்குது” என்றாள்.

“சுபஸ்ரீ, இப்டி முன்னால வாம்மா” என்று ராஜவேலு கூப்பிட்டார். “ஒன் வூட்டுக்காரரு சொன்னது சொன்னதுதான். ஆனா ஒன் வாயால வரணும். அடுப்பு எரியுதா?”

அவள் பாயின் ஓரம் வரை வந்து நின்றாள்.

“எரியுதுங்க” என்றாள்.

“இனிமேலும் எரியுமா?”

இந்தக் கேள்வி வழக்கத்தில் இல்லாதது. தமிழ்வாணனுக்காகச் சேர்த்துக் கேட்டார். எல்லோருக்கும் பதில் தெரியும் என்பதால் சீட்டுக் குடத்தை எடுக்க ஒருவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார்.

சுபஸ்ரீ வாயைத் திறந்தாள். எரியும் என்று சொல்லிவிட்டால் அடுத்த வருஷமும் இங்கே வந்து நிற்பாள், அதற்கடுத்த வருஷமும் நிற்பாள், தலை நரைக்கும், அவன் மூன்று வாரம் தங்கிவிட்டுப் போவான். எரியாது என்று சொன்னால் இந்த நிமிஷமே அவன் பெயர் போய்விடும். அவனுக்கென்று இருந்த ஒன்றை அவளே பிடுங்கியதாகிவிடும். அப்புறமும் அவன் அழைத்துப் போவான் என்று என்ன நிச்சயம்? பெயரும் இல்லாமல், அவனும் இல்லாமல், ஊர் பார்த்திருக்க அவள் தனியே நிற்க வேண்டி வரலாம்.

குடத்தை எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் பேச்சு அடங்கியது.

“இன்னாம்மா?” என்றார் ராஜவேலு, மெதுவாக.

அவள் தலைவரைப் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளின் தலைகளுக்கு மேலாகத் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது. பிறகு அது பயமாக மாறுவதையும் பார்த்தாள். வேண்டாம் என்பது போல மடங்காத விரல்கள் இருந்த கையை அவன் லேசாக உயர்த்தினான். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடுதான் சொன்னாள், ஆனால் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“மாமா, நான் இங்க இருக்க மாட்டேன். என்னை உங்கூட இட்னு போ.”